எட்டு வாட் கல்யாணம்

புத்திசாலிகளுக்கு ஊர் ஊராகச் சிலை வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குச் சிலை இல்லாவிட்டால் போகிறது, கதையாவது வேண்டாமா? அந்த நல்லெண்ணத்தில்தான் இதைச் சொல்கிறேன். சொல்கிற நானும் கைபேசி சூடானால் வாயால் ஊதி ஆற்றுகிற ஆள்தான் என்பதால் எனக்கு இதைச் சொல்ல முழுத் தகுதி உண்டு.

குருவம்பாளையத்தில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ‘மணவறை வீடியோஸ்’ என்று ஒரு ஸ்டூடியோ. கூட்டாளிகள் மூன்று பேர். பூபதிக்குக் கணக்கு வரும். வரும் என்று அவன் சொல்வான். மயில்சாமி சொன்னதைச் சொன்னபடி செய்வான். ஒரு புள்ளி கூட்டவும் மாட்டான், குறைக்கவும் மாட்டான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட விவரமானவன் நாச்சிமுத்து. இப்படி ஒரு பேச்சு ஊரில் உலவியது. உலவ விட்டவன் நாச்சிமுத்து.

நாச்சிமுத்துவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் சுற்றுவட்டாரத்துக் கல்யாணங்களை எல்லாம் எடுத்து, வெட்டி, ஒட்டி, பாட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டான். அவனுடைய கல்யாண வீடியோ மட்டும் ‘ரெண்டு நாள்ல ஆயிரும்’ என்ற நிலையிலேயே இருந்தது. அவன் மனைவி கோகிலவாணி முதல் வருஷம் ஆசையாகக் கேட்டாள். இரண்டாம் வருஷம் கோபமாகக் கேட்டாள். மூன்றாம் வருஷம் கேட்பதையே விட்டுவிட்டாள். அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும். விவரமானவன் என்பதால் நிம்மதியாக இருந்தான்.

நாலாம் வருஷம் ஒரு திங்கட்கிழமை காலையில், இட்லி தட்டில் விழுவதற்கு முன்னால் அவள் பேச்சை எடுத்தாள்.

“ஏனுங் மாமா, வர்ற ஞாயித்துக்கெழமை எங்கக்கா மஸ்கட்ல இருந்து வருது. நம்ம கல்யாணத்துக்கு லீவு கெடைக்காம அங்க ஒக்காந்து அழுத பொறப்பு அது. மத்தியானம் சோத்துக்கு முந்தி டிவியில நம்ம கல்யாணம் ஓடோணும்.”

“ஓடிரும் கண்ணு.”

“ஓடுலீன்னா மக்யா நாளு, திங்கக்கெழமையே, அத்தனையும் தூக்கிட்டுப் போயி சிங்காரத்துகிட்டக் குடுத்துருவேன்.”

நாச்சிமுத்து இட்லித் தட்டைத் தள்ளி வைத்தான். சிங்காரம் என்பவன் எதிர்க்கடைக்காரன், ‘ராஜகளை ஸ்டூடியோ’ முதலாளி. கல்யாண வீடியோ எடுக்கிறவனின் கல்யாண வீடியோவை எதிர்க்கடைக்காரன் போட்டுக் கொடுத்தான் என்று ஊருக்குத் தெரிந்தால், கடையை மூடிவிட்டுக் கண்காணாத ஊருக்குப் போக வேண்டியதுதான். அதைவிட, அவள் அதைச் சொன்னபோது கோபப்படவே இல்லை. அதுதான் அவனுக்கு உண்மையாகவே வலித்தது.

மூன்று நாள் இருந்த இடத்தை விட்டு எழாமல், யாரையும் தொட விடாமல், தானே உட்கார்ந்து வெட்டி ஒட்டி முடித்துவிட்டான். பார்க்கப் பார்க்க அவனுக்கே பெருமையாக இருந்தது. ஒரு காட்சி ஆடவில்லை, ஒரு முகம் மங்கவில்லை. இனி எல்லாவற்றையும் கோத்து ஒரே படமாக வெளியே எடுக்க வேண்டும். அது கம்ப்யூட்டர் தானாகச் செய்கிற வேலை, மூன்று மணி நேரம் ஆகும்.

அங்கேதான் சிக்கல். போன மாதம் வாங்கிய புதுக் கம்ப்யூட்டர், ஊரிலேயே வேகமானது. வேலையை ஆரம்பித்த பத்தாவது நிமிஷம் உள்ளே இருக்கிற பிராசஸரின் சூடு நூறு டிகிரிக்கு ஏறும். கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். வியாழக்கிழமை ஒரே நாளில் ஆறு தடவை அணைந்தது.

மயில்சாமி புறங்கையைப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்தான். “காச்சலுங்ணா.”

பூபதி திரையைப் பார்த்தான். “நூறு டிகிரிதானே? எம்பட பையனுக்கு நூத்திரண்டு அடிச்சப்பவே ஸ்கூலுக்குப் போனான். இது என்ன பெரிய காச்சலு?”

“டேய், அது வேற டிகிரி, இது வேற டிகிரி” என்றான் நாச்சிமுத்து, விவரமானவன் பேசுகிற தொனியில். “இது தண்ணி கொதிக்கிற சூடு.”

மயில்சாமியின் முகம் மலர்ந்தது. “அப்ப டீக்குத் தண்ணி இதுலயே வெச்சுக்கலாமுங்ளா?”

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டான். இந்த இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படிக் கரையேறுவது என்று உண்மையாகவே வருத்தப்பட்டான்.

பூபதியின் மச்சினன் தாமோதரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அவனைப் போனில் பிடித்தார்கள். மூன்று தலைகளும் ஒரே போனைச் சுற்றிக் குனிந்தன.

“மாமா, அந்தப் பிராசஸர் இருக்குதே, குடுக்கக் குடுக்கக் கரண்ட்ட குடிச்சுட்டே இருக்கும். இப்ப எரநூத்தம்பது வாட் குடிக்குது. மெஷின் ஆன் ஆகறப்ப பயாஸ்னு ஒரு திரைக்குப் போலாம். அங்க பவர் லிமிட்னு ஒரு எடம் இருக்கும். அதப் பாதியாக்கி விடுங்க. சூடு மளமளன்னு எறங்கிரும்.”

“வேகம் போயிருமே மாப்ள?” என்றான் பூபதி.

“நூத்துக்கு அஞ்சுதான் போகும். அந்தக் கடைசி அஞ்சு வேகத்துக்காகத்தான் அது மூச்சு வாங்கி அத்தன கரண்டையும் முழுங்குது.”

“பாதி கரண்ட்டுக்கு அஞ்சுதானா?” பூபதியின் கண்கள் அகன்றன. கணக்கு வருகிறவர்களின் கண்கள் அப்படித்தான் அகலும்.

“ஆமா. மொதல்ல இருக்கறபடியே பத்து நிமிஷம் ஓட விட்டு, சூட்ட நோட்டுல எழுதிக்குங்க. அப்பறம் கொறைச்சு, மறுக்கா பத்து நிமிஷம். ஒண்ணு முக்கியம். ஒவ்வொரு தடவையும் ரூம்ல எல்லாம் ஒரே மாதிரி இருக்கோணும். எதையும் மாத்தீராதீங்க. மாத்துனா எதுனால சூடு எறங்குச்சுன்னு தெரியாமப் போயிரும். போதும்னு தோணுறப்ப நிறுத்திக்குங்க.”

மயில்சாமி எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ‘எதையும் மாத்தீராதீங்க’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் சோதனை. வெள்ளி தோறும் ஆறு மணிக்குக் கடையில் பூஜை உண்டு. கேமராவுக்கும் விளக்குக்கும் மூன்றுகால் ஸ்டாண்டுக்கும் சந்தனம், குங்குமம். அன்றைக்குப் புதுக் கம்ப்யூட்டருக்கும் வைத்தார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் பெட்டியின் முன்னால் போட்டு, கற்பூரத் தட்டை அதன் மேல் வைத்தார்கள். பெட்டியின் முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கிற ஓட்டைகள் இருந்தன. கற்பூரச் சுடர் அப்படியே வளைந்து ஓட்டைக்குள் போனது.

“மெஷினே ஆரத்தி எடுத்துக்குதுங்ணா!” என்று மயில்சாமி கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஒன்பதாவது நிமிஷம் நூறு டிகிரி. மெஷின் அணைந்தது. நோட்டில் ‘250 வாட் – 100’ என்று எழுதினார்கள். அந்த நேரத்தில் கடையில் இன்னொருவரும் இருந்தார். பால் சொசைட்டி கிளார்க் ரங்கநாயகம், தன் அப்பா படத்துக்குக் கண்ணாடி போட வந்தவர். கற்பூரப் புகையில் இரண்டு தும்மல் போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை பயாஸுக்குள் நுழைந்து நூற்று இருபத்தைந்து என்று மாற்றினார்கள். நாச்சிமுத்து ஓட விடப் போகும்போது மயில்சாமி கையைப் பிடித்தான்.

“அண்ணா, ரூம் நேத்து மாதிரி இல்லீங். கற்பூரம் எங்க?”

“அட, ஆமா.”

“ரங்கநாயகம் எங்க?”

வேறு யாராவதாக இருந்தால் சிரித்திருப்பார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. கடையில் தான் ஒருவன்தான் படித்தவன், விஞ்ஞானத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டியது தன் கடமை என்று நினைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போய், கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தான்.

மயில்சாமி அவரை மேலும் கீழும் பார்த்தான். “நேத்து ஊதாச் சட்டைங்க.”

“அது துவைக்கப் போட்டிருக்குது தம்பி.”

ஊதாச் சட்டை ஈரத்தோடு வந்தது. ரங்கநாயகம் அதை மாட்டிக்கொண்டு நேற்று நின்ற இடத்தில் நின்றார். கற்பூரம் ஏற்றினார்கள். தும்மல்தான் வரவில்லை. பெட்டிக்கடையில் மூக்குப்பொடி வாங்கி வந்து அந்தக் குறையையும் தீர்த்தார்கள்.

பத்து நிமிஷம் ஓடியது. எண்பத்திரண்டு டிகிரி. மெஷின் அணையவில்லை. வேகமும் முன்பு போலவேதான்.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். அப்படியே ஓட விட்டிருந்தால் சாப்பாட்டு நேரத்துக்குப் படம் கையில் இருந்திருக்கும். நாச்சிமுத்துவும் அதற்காக மவுஸில் கை வைத்துவிட்டான்.

“ஒரு நிமிஷமுங்ணா” என்றான் பூபதி. “மச்சினன் என்ன சொன்னான்? போதும்னு தோணுறப்ப நிறுத்தச் சொன்னான். உங்களுக்குப் போதும்னு தோணுதுங்ளா?”

நாச்சிமுத்து நெஞ்சில் கை வைத்து யோசித்தான். இதுவரை அவனுக்கு எதிலுமே போதும் என்று தோன்றியதில்லை. “இல்லியே.”

“எனக்கும் தோணல. இப்பக் கணக்கப் பாருங்க. பாதி பண்ணுனா அஞ்சு போகுது. அதுல பாதி பண்ணுனா இன்னொரு அஞ்சு. அஞ்சு தடவ பாதி பண்ணுனாக்கூட இருபத்தஞ்சுதான் போகும். எட்டு வாட்ல எழுவத்தஞ்சு வேகம்! ஒரு சின்ன பல்பு எரியற கரண்ட்டுல ஒரு கல்யாணமே நடந்துருமுங்க!”

“வேகத்தையும் ஒருக்காப் பாத்துக்கலாமா?”

“கணக்கே இருக்கறப்ப எதுக்குங்ணா பாக்கோணும்?”

நாச்சிமுத்து மவுஸிலிருந்து கையை எடுத்தான். அறுபத்திரண்டு வாட்டில் எழுபது டிகிரி. முப்பத்தொன்றில் ஐம்பத்தொன்பது. பதினாறில் ஐம்பது. ஒவ்வொரு தடவையும் ரங்கநாயகம், ஊதாச் சட்டை, கற்பூரம், இரண்டு தும்மல். எட்டு வாட்டில் மவுஸை நகர்த்திவிட்டு டீ குடித்து வந்தால்தான் திரையில் அம்பு போய்ச் சேர்ந்திருக்கும். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. நாற்பத்து நாலு டிகிரி! நோட்டுப் பக்கம் அவ்வளவு அழகாக இருந்தது.

“இதுக்குக் கீழ எறங்க மாட்டேங்குதே” என்று பூபதி கவலைப்பட்டான். “இந்த ரூம்ல எங்கியோ நெருப்பு இருக்குது.”

மேசைக்கு அடியில் தேடினார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள். டியூப்லைட்டை முகர்ந்து பார்த்தார்கள். ரங்கநாயகம் கற்பூரத் தட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மூக்கைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

“தம்பி, நான் என்ன சொல்றன்னா, இந்தக் கற்பூரம்…”

“பேசாதீங்க!” என்று மயில்சாமி பதறினான். “நேத்து நீங்க பேசவே இல்ல.”

ரங்கநாயகம் வாயை மூடிக்கொண்டார்.

பூபதி நோட்டில் பெருக்கி, வகுத்து, கடைசியில் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு தெளிவு. “எட்டுல பாதி நாலு, நாலுல பாதி ரெண்டு, ரெண்டுல பாதி ஒண்ணு. அதுக்கு மேல பூஜ்யந்தான். எண்ணிப் பாருங்க, இன்னும் நாலு தடவ. இருபது போகும். பூஜ்யத்துலயும் அம்பத்தஞ்சு வேகம் மிச்சம் நிக்குது.”

“கரண்டே இல்லாமயா?” என்றான் நாச்சிமுத்து.

“கணக்கு அப்படித்தான் சொல்லுதுங்க.”

“பயாஸ்ல எட்டுக்குக் கீழ போட முடியலியே.”

“பயாஸ் எதுக்கு?” என்றான் மயில்சாமி. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

அறையில் பெரிய அமைதி. விசிறிச் சத்தம்கூட இல்லை. திரை இருட்டாக இருந்ததால் சூட்டைப் பார்க்க முடியவில்லை. மயில்சாமி புறங்கையை வைத்துப் பார்த்துச் சொன்னான்: “குளுகுளுன்னு இருக்குதுங்ணா.”

நோட்டில் எழுதினார்கள்: ‘0 வாட் – குளுகுளு.’ மூன்று மணி நேர வேலை, அம்பத்தஞ்சு வேகத்தில் ஆறு மணி நேரம் ஆகும், எதற்கும் காலை வரை ஓடட்டும் என்று பூபதி கணக்குப் போட்டான். மூவரும் வெளியே வந்து சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்கள்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்குக் கோகிலவாணி காபியை நீட்டினாள். “வேலை ஆச்சுங்ளா மாமா?”

“நேத்து சாயங்காலத்துல இருந்து ஓடிட்டு இருக்குது கண்ணு. துளி சூடு இல்ல. கரண்டே இல்லாம ஓடுது.”

“கரண்டே இல்லாமயா?”

“ஆமா, பிளக்கப் புடுங்கிட்டுத்தான்…”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியம் அவன் காதிலேயே விழுந்தது. பதினாலு மணி நேரமாக ஊரில் யார் காதிலும் விழாதது, மனைவி முகத்தைப் பார்த்ததும் விழுந்தது. காபியை வைத்துவிட்டு ஓடினான். வண்டியைக்கூட எடுக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுகிற அவனைப் பார்த்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்த சிங்காரம் எழுந்து நின்றான்.

‘நாந்தான்டா விவரமானவன், நாந்தான்டா விவரமானவன்’ என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனான். அந்த இரண்டு பேருக்காவது தாங்கள் யார் என்று தெரியும். தனக்கு அதுகூடத் தெரியாமல் போயிற்றே என்று அவமானமாக இருந்தது.

பிளக்கைச் சொருகினான். பயாஸில் நூற்று இருபத்தைந்து போட்டான். ஓட விட்டான். கற்பூரம் ஏற்ற நேரமில்லை, ரங்கநாயகத்தைக் கூப்பிட நேரமில்லை. பிராசஸர் அறுபத்தெட்டு டிகிரியிலேயே நின்றது. அது ஏன் என்று யோசிக்கவும் அவனுக்கு நேரமில்லை. நாற்பது சதவீதம் தாண்டியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. பதினொன்றரைக்கு நூறு சதவீதம்.

பன்னிரண்டே முக்காலுக்கு, இலை போடுவதற்கு முன்னால், டிவியில் கல்யாணம் ஓடியது. அக்கா சுலோச்சனா சோபாவின் நடுவில், பக்கத்தில் கோகிலவாணி. பூபதியும் மயில்சாமியும் வாசலோரம் பயபக்தியோடு நின்றார்கள். வாழைமரம், தோரணம், நாதஸ்வரம், பெண் அழைப்பு, சீர்த் தட்டுகள். கோகிலவாணி தன்னைத் தானே பார்த்துச் சிரித்தாள். நாலு வருஷத்துக்கு முந்தின அந்தச் சிரிப்பே அவள் முகத்தில் வந்திருந்தது. நாச்சிமுத்துவுக்கு இந்த உலகத்தில் இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் போலிருந்தது.

முகூர்த்தம் வந்தது. கோகிலவாணி தலை குனிந்தாள். திரையின் கீழிருந்து இரண்டு கைகள் வந்து தாலியைக் கட்டிவிட்டுப் போயின.

சுலோச்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எல்லாம் அம்சமா இருக்குது கண்ணு. ஆனா நானும் வந்ததுல இருந்து பாக்கறேன். மாப்பிள்ளையக் காணமே?”

டிவியில் மேளம் மட்டும் கொட்டியது.

“அண்ணன் கேமராவுக்குப் பின்னால இருந்தாருங்க” என்றான் மயில்சாமி. “எங்க ரெண்டு பேர நம்பிக் கேமராவக் குடுக்க முடியாதுன்னு அவரே எடுத்தாரு. தாலி கட்டறப்ப மட்டும் கேமராவ நெஞ்சுல கட்டிக்கிட்டாரு. போட்டோ எடுத்ததும் அவர்தாங்க.”

நாச்சிமுத்து திரையைப் பார்த்தபடி நின்றான். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு காட்சி விடாமல் பார்த்தவன். அவன் எடுத்த எந்தக் கல்யாணத்திலும் அவன் இருந்ததில்லை. இதில் மட்டும் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

“அன்னைக்கே தல தலயா அடிச்சுக்கிட்டேன், அதக் கீழ வையுங்கன்னு” என்றாள் கோகிலவாணி. அழப் போகிறாள் என்று அவன் பயந்தான். அவளோ வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “இனிச் சிங்காரத்துகிட்டக் குடுத்து என்ன பண்ண? அவனுந்தான் மாப்பிள்ளைய எங்கிருந்து கொண்டாருவான்?”

மூன்று கூட்டாளிகளும் கொல்லைப்புறம் போய்க் கூடிப் பேசினார்கள். அக்கா புதன்கிழமை மஸ்கட் திரும்புவதற்குள் குறையைத் தீர்த்துவிட்டார்கள். கடையில் நாச்சிமுத்துவை உட்கார வைத்து, நீலத் திரை போட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டி, இரண்டு காதும் தெரிகிற மாதிரி ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தார்கள். அதை வீடியோவின் வலது மூலையில் ஒட்டி, கீழே ‘மணமகன்’ என்று போட்டார்கள். பெண் அழைப்பில் இருந்து பந்தி வரைக்கும் மூன்று மணி நேரம் அது அங்கேயே இருக்கிறது.

சுலோச்சனா மஸ்கட்டில் எல்லோருக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறாளாம். பார்த்தவர்களிடம் பெருமையாகச் சொல்கிறாளாம்: “எங்க மாப்பிள்ளை ரொம்ப அடக்கமுங்க. தாலி கட்டறப்பக்கூடக் கண்ணு இமைக்கல பாருங்க.”